'டாக்' சீட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் சொல்லுக்கு ஒரு சீட்டு. எழுதியவர் கையெழுத்து மேலே, சரிபார்த்தவர் கையெழுத்து கீழே. பிழை வந்தால் கீழே இருப்பவர் தலைதான் உருளும். என் சீட்டுகளில் கீழே இருப்பது என் அண்ணி. இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததும் அவர்தான்.

இன்று காலை ஆசிரியர் அண்ணியைக் கூப்பிட்டார். மேசைமேல் பிழை சுட்டி ஒரு பேராசிரியர் எழுதிய கடிதம், பக்கத்தில் நான் எழுதிய 'டாக்' சீட்டு. கண்ணாடிக் கதவு வழியே பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நாய்க்கு ஊர் உலகமே சொல்கிற ஆங்கிலச் சொல்தான். பொருளெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன்: நாய், கேவலமானவன், விடாமல் பின்தொடர்தல். சொற்பிறப்பில்தான் வந்தது வினை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் 'தெரியவில்லை' என்று எழுத, எந்தெந்தப் பன்னிரண்டு நூல்களில் தேடினோம் என்று தனித்தாள் நிரப்ப வேண்டும். யார் அலைவது? 'காவல் எனப் பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து' என்று எழுதிவிட்டேன். சுத்தப் புளுகு. என் கொழுப்பு, வேறென்ன. புத்தகமும் அச்சாகிக் கடைக்குப் போய்விட்டது.

உள்ளே அண்ணி தலைகுனிந்து நின்றார். பதினெட்டு வருஷமாக ஒரு பிழைக்கும் பேச்சு வாங்காத மனுஷி. அவர் வேலை போய்விட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

"சார், அது நான் இட்டுக்கட்டுனது. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆசிரியர் அவரைப் பார்த்தார். "பன்னெண்டு நூலையும் பார்த்தேன், ஒரு இடத்துல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னீங்க. நானும் திருத்தம் போட்டு விட்டுரலாம்னு இருந்தேன். அப்ப நீங்க பார்க்கவே இல்லையா?"

ஆசிரியர் சீட்டைக் கடிதத்தோடு சேர்த்து ஓரமாக வைத்தார்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் வர வேண்டாம்."

மாடிப்படியில் அவர் பின்னாலேயே இறங்கினேன். கீழ்ப்படியில் அவர் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மத்தவங்க சீட்டை ரெண்டு தடவை படிப்பேன். உன்னோடதுன்னா படிக்காம அப்படியே கையெழுத்துப் போட்டுருவேன். அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி," என்றேன். "அந்தத் தைரியத்துலதான் எழுதினேன்."