கடைசி வாரம் அவள் நடக்க வேண்டும்

அண்ணனுக்கு உட்கார்ந்தால் கதை வராது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே சொல்வான். நான் தட்டச்சு செய்வேன். வாரப் பத்திரிகையில் அவன் எழுதும் தொடருக்கு அன்று கடைசி அத்தியாயம். ஆசிரியர் ஃபோன் மேல் ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் காலில் சக்கரம் கட்டியவன் மாதிரி சுற்றினான். எனக்கும் காலையிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை.

காரணம் அவனுடைய கதாநாயகி. என்னைப்போல ஒரு கால் சூம்பியவள், என்னைப்போலவே தொடை வரைக்கும் இரும்புப் பட்டை போட்டவள். மற்றபடி எங்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யார் திட்டினாலும் அவள் சிரிப்பாள். தங்கைக்காகக் காதலனையே விட்டுக்கொடுப்பாள். எனக்கோ ஒரு டம்ளர் தண்ணீரை விட்டுக்கொடுக்கக்கூட மனசு வராது.

"எழுது," என்றான். "'அவள் இரும்பைக் கழற்றி வீசினாள். நடந்தாள். நல்ல மனதுக்குக் கிடைத்த பரிசு அது.'"

என் விரல்கள் நின்றுவிட்டன.

"என்ன?"

"இதை நான் அடிக்க மாட்டேன்."

"அவ நடக்கணும்னு வாசகர்கள் எல்லாம் கேக்குறாங்க. கதைன்னா ஒரு நல்ல கருத்து வேணாமா?"

"நல்லவளா இருந்ததுக்குக் கூலியா அவளுக்குக் கால் வருது. அப்ப கால் வராத நான் யாரு? கெட்டவளா?"

"கதையப் போய் உன்மேல இழுத்துப் போட்டுக்கறியே!"

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா வந்து நின்றாள். எந்த வாரக் கதையானாலும் முதலில் அவள் காதில்தான் விழும். இப்போது அவள் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்.

"அவன் சரியாத்தான் சொல்றான். சின்ன வயசிலேருந்து உன்கிட்ட கோவப்படாத, கோவப்படாதன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, எதுக்குன்னு நினைச்ச? நீ கேட்டியா?"

நான் அதை வெறும் அதட்டல் என்று நினைத்திருந்தேன். அம்மா மருந்தாகச் சொல்லியிருக்கிறாள். என் வாயால்தான் என் கால் இப்படியே நின்றுவிட்டது என்று இத்தனை வருடமும் நம்பியிருக்கிறாள்.

அண்ணனின் நடை நின்றது. அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடி ஃபோன் அடித்தது. அவன் எடுக்கவில்லை.

"அது வேணாம்," என்றான். "வேற என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல."

"நீ இங்க வந்து உக்காரு. நான் சொல்றேன், நீ அடி."

எழுந்தேன். இரும்பு தரையில் இடிக்க இடிக்க ஜன்னல் வரை போய்த் திரும்பினேன்.

"'அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது.' எழுது."

"மெதுவா நடடி," என்றாள் அம்மா, பழக்க தோஷத்தில். "கீழ் வீட்டுல சத்தம் கேக்கும்."

கேட்கட்டும் என்று நடந்தேன். வரி மேல் வரியாக வந்துகொண்டே இருந்தது.