போலந்துக்காரிக்கு ஒரு மாடி வீடு

ராயபுரத்து ஆவுடையம்மாள் மாடி வீட்டை வாடகைக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டதாகத் தரகர் பக்தவச்சலம் வந்து சொன்னபோது, ஹெலினா முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் கணவர் விதோல்ட் திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலையில் மிஷின் பார்க்கும் வேலையை விட்டு, ராயபுரத்தில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருந்தார். ஐப்பசி முடிவதற்குள் ஆலையின் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இது கைவிட்டுப் போன நான்காவது வீடு.

"இன்னா காரணம் சொன்னாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"போலீசுக்கு வூடு வுட மாட்டாங்களாம்."

"யாரு போலீசு?"

"நீதானேம்மா சொன்னே? தொரை போலீசுன்னு."

நான் சொன்னது போலிஷ். பக்தவச்சலத்தின் வாயில் அது போலீஸாகி, அப்படியே ராயபுரத்துக்குப் போயிருக்கிறது. போன இடமும் சரியான இடம். ஆவுடையம்மாளின் கொழுந்தன் மகன் சண்முகவேல், யானைக்கவுனியில் அந்நியத் துணிக்கடை முன்னால் மறியல் செய்து தடியடி பட்டு, அப்போது வேலூர் ஜெயிலில் இருந்தான்.

ஹெலினாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "நீ போயி சொல்லு, சோக்கா. நீ சொன்னா கேப்பாங்க" என்றாள். என் பெயர் சொக்கம்மாள். அவள் வாயில் அது சோக்கா. அவளுடைய தமிழ் முழுவதும் என்னிடம் கற்றது. வெள்ளைக்காரி ஒருத்தி வியாசர்பாடித் தமிழ் பேசுவதைக் கேட்டு மீன் விற்கிறவர்கள் கூடையை இறக்கிவைத்துச் சிரிப்பார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. பட்டணத்துப் பெரிய வீடுகளின் தமிழை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வரவில்லை.

நான் அந்த வீட்டில் ஆயாவாகச் சேர்ந்து ஐந்து வருஷம். மற்ற துரைகளின் மனைவிமார் அவளைத் தேநீருக்குக் கூப்பிட்டதில்லை. ஆலைக் கூலிகள் விதோல்ட்டை 'போலித் தொரை' என்றார்கள். மிஷினுக்கு அடியில் தானே படுத்துக்கொண்டு, முகமெல்லாம் எண்ணெயுடன் எழுந்து வருகிறவர் எப்படி அசல் துரையாக இருக்க முடியும்? முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். வெள்ளையிலும் மேல் வெள்ளை, கீழ் வெள்ளை உண்டு என்று தெரிந்தது எனக்கு ஒரு திருப்தியாகவே இருந்தது. அது நல்ல திருப்தி இல்லை. இருந்தாலும் இருந்தது.

மறுநாள் காலையில் ராயபுரம் போனேன். கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் ராசையாவின் வீடு. தெற்கேயிருந்து வந்து முப்பது வருஷத்தில் நிமிர்ந்த குடும்பம். ஆவுடையம்மாள் ராசையாவின் மனைவி. நடையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படிக்குக் கீழே நின்று, தொரை வீட்டு ஆயா என்றேன். உட்கார் என்று அவள் சொல்லவில்லை.

"போலீசுக்கு வீடு இல்லன்னு சொல்லிட்டேனே. மறுபடி எதுக்கு வந்திருக்க?"

"போலீசு இல்லம்மா. போலிஷ். அது ஊரு பேரு. போலந்து."

"போலியா? அதத்தான் ஊரே சொல்லுதே! போலி வெள்ளக்காரன்னு."

உள்ளேயிருந்து யாரோ பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னையே சொன்னது போல ஏன் பட்டது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

"அவங்க பாசைல போலேன்னா வயலும்மா. வயக்காட்டு ஜனம்னு அர்த்தம். நான் போயி பாத்துட்டு வந்துகீறேன்."

அவள் கை புளியில் நின்றது. "நீ போனியா? கப்பல்லயா?"

"தொரைசானிதான் இட்டுகினு போனாங்க. மூணு வருசம் ஆவுது. கொழும்புல ஏறி ஜெனோவாவுல எறங்கி, அங்கேந்து மூணு நாள் ரயிலு."

சொல்லச் சொல்ல என் குரல் நிமிர்வது எனக்கே கேட்டது. வியாசர்பாடியில் இதைச் சொன்னால் என் தம்பி, "தோ, ஆரம்பிச்சிட்டா போலந்து மகாராணி" என்பான். இந்த நடையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ரயில் ஜன்னலில் பார்த்ததைச் சொன்னேன். நாள் முழுக்க ஓடினாலும் வயல் முடியாது. வெளுத்த பொன் நிறத்தில் ஒரு தானியம். நம் கம்பும் இல்லை, கேழ்வரகும் இல்லை. அதில் கறுப்பு ரொட்டி செய்வார்கள். அறுவடைக்குப் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு, நம்மைப் போலவே குனிந்து நிற்பார்கள். அதுவரை வெள்ளைக்காரி வெயிலில் குனிந்து நான் பார்த்ததில்லை.

"அந்த ஊருக்கு ராசா யாரு?" என்றாள்.

"ராஜா இல்லம்மா. அவங்களே ஆண்டுக்கறாங்க. இப்பத்தான், பதிமூணு பதினாலு வருசமா. அதுக்கு மின்ன நூறு வருசத்துக்கு மேல மூணு ராஜாங்க பங்கு போட்டு வச்சிருந்தாங்களாம். அந்தப் பேர்ல ஒரு தேசமே இல்லாம பூட்டுது."

"வெள்ளக்காரனயே வெள்ளக்காரன் அடிமையா வச்சிருந்தானா?"

"ஆமாம்மா."

ஆவுடையம்மாள் உள்பக்கம் திரும்பி, "ஏளா இசக்கி, கேட்டியா இத!" என்றாள். சிரித்த பெண்களில் ஒருத்தி கதவோரம் வந்து நின்றாள்.

ஹெலினா படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னை அங்கே அழைத்துப்போய்ப் பெஞ்சைக் காட்டினாள். ஒன்பது வயதில், ஆளுகிறவர்களின் பாஷையில் ஜெபம் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பு முழுக்க அப்படித்தான். உள்ளங்கையில் பிரம்படி. மறுநாளும் வாயை மூடிக்கொண்டாள், மறுநாளும் அடி. இதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையம்மாள் ஒரு புளியங்கொட்டையைப் பிதுக்கி எறிந்தாள். "எங்க சம்முகவேலுக்கு இடது கை இன்னும் தூக்க வரல" என்றாள். பிறகு, "சரி, வரச் சொல்லு. மாட்டுக்கறி மட்டும் வீட்டுக்குள்ள ஆவாது" என்றாள்.

வீடு கிடைத்துவிட்டது. நான் கும்பிட்டேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"நீ எந்தப் பக்கம்?"

"வியாசர்பாடி."

"வியாசர்பாடில எங்க?"

சொன்னேன். எங்கள் தெருவைச் சொன்னால் வேறு எதையும் சொல்ல வேண்டியதில்லை. பௌத்த சங்கத்தில் எழுதப் படிக்கக் கற்றோம், சாதியை விட்டோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளலாம். கேட்கிறவர்கள் விட வேண்டுமே.

"மாடிப்படி வீட்டுக்குள்ளதான் இருக்கு. கூடத்தத் தாண்டித்தான் ஏறணும்" என்றாள் ஆவுடையம்மாள், என் முகத்தைப் பார்க்காமல். "அவுக வரட்டும். வேலைக்கு நம்ம பக்கத்துப் பிள்ள யாரையாவது நான் ஏற்பாடு பண்ணித் தாரேன்."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஹெலினாவுக்கும் குழந்தை மரிஷாவுக்கும் ஒரு கூரை வேண்டும். பத்து நாள்தான் இருந்தது. என் ஒருத்திக்காக அதைத் தட்டிவிட எனக்கு என்ன உரிமை?

"நான் இல்லாம அவங்க வர மாட்டாங்கம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வர மாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கப்பலில் என்னைக் கீழ்த்தட்டுக்கு அனுப்பினார்கள். ஹெலினா ஒரு வார்த்தை பேசவில்லை. போலந்தின் எல்லைக்கு முந்தைய ஊரில் விடுதிக்காரன் என்னை மரக்கொட்டகையில் படுக்கச் சொன்னபோது, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு என்னோடு வெளியே வந்தாள். இரண்டும் அவள்தான். எந்த ஹெலினா இன்று குவார்ட்டர்ஸில் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் சொன்னேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும், அந்தக் கூடத்தை மிதிக்கக் கூடாத கால்கள் என்று நான் என் வாயால் ஒத்துக்கொள்ள முடியாது.

"அப்ப வேணாம்மா. வர்றேன்" என்று திரும்பினேன். தெருவில் இறங்கினேன். துறைமுகத்துக்குப் போகும் மூட்டை வண்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகரக் காத்து நின்றேன்.

"ஏ பிள்ள, நில்லு."

ஆவுடையம்மாள் படிக்கு வந்திருந்தாள். கையில் இன்னும் புளி.

"அந்த ஊர்ல ஒன்னய எங்க உக்கார வச்சாக?"

"மொத நாளு பசங்க ஈரத்துணியால என் கையத் தேச்சுப் பாத்தாங்க, கறுப்பு போவுதான்னு. தொரைசானியோட அக்கா வாசல்லயே ரொட்டியும் உப்பும் தட்டுல வச்சிகினு நின்னாங்க. வர்றவங்களுக்கு அதுதான் மரியாதையாம். தொரைக்குன்னு நெனச்சு நான் ஒதுங்கினேன். அந்தம்மா பிட்டு என் கையில வச்சாங்க. சாப்பாடு மேஜையில, அவங்க பக்கத்துல."

"ம்" என்றாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "எங்க அம்மைய கோயில் வெளிவாசலோட நிறுத்தினாவ. சாவுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே கெடந்தா." அது எனக்குச் சொன்னதா, தனக்கா, தெரியவில்லை. "புதன்கிழம வாங்க. எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"ரொம்பத்தான் கேக்குத. நீயுந்தான். முன்வாசல் வழியாவே வா."

வண்டி நகர்ந்தது. எண்ணூர்ப் பக்கத்துக் காற்றில் உப்பும் கரியும் கலந்து வந்தன. பட்டறையையும் மீன்பிடித் துறையையும் தாண்டி நேராக நடந்தேன். அவ்வளவு நீளமாக நான் அடி எடுத்துவைத்தது இல்லை.

ஹெலினா தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். வீடு கிடைத்தது என்றேன். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவளைக் கேட்காமல் அவள் பேரில் நான் பேசியதையும்.

"கெடைக்காம பூட்டிருந்தா?" என்று கேட்டேன்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்து, பெட்டியில் வைத்து, அடுத்த தட்டை என்னிடம் நீட்டினாள்.

"நாம வேற வூடு தேடுவோம்" என்றாள்.

நாம, நாங்க இரண்டும் அவளுக்கு எப்போதும் குழம்பும். ஐந்து வருஷமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று குழம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. தட்டை வாங்கிக்கொண்டேன்.