தாவாத மூலக்கூறுகள்

பதினோராம் முறை ஓட்டிப் பார்த்தும் அவளுடைய மூலக்கூறுகள் தாவவில்லை. தன் ஆய்வுக்காக அவள் கணினியில் உருவாக்கிப் பார்ப்பது, கண்ணாடியாக உறையப்போகும் ஒரு திரவம். குளிரக் குளிர, கணினித் திரையில் நான்காயிரம் மூலக்கூறுகளும் நெரிசல் பேருந்தில் மாட்டிக்கொண்டவர்களைப் போல நின்ற இடத்திலேயே இடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழைய கட்டுரையிலோ, சில மூலக்கூறுகள் பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே தாவாகத் தாவும். உனக்கு மட்டும் ஏன் தாவவில்லை என்று கேட்டுக் கேட்டே ஒன்றரை வருடத்தைத் தின்றுவிட்டார். போதாக்குறைக்கு, 'இந்த வேறுபாடு மாணவியின் பிழையாக இருக்கலாம்' என்று அவளுடைய ஆய்வேட்டில் அவளையே எழுத வைத்திருந்தார்.

இன்று காலை, அந்தக் கட்டுரைக்காக அவர் எழுதிய பழைய கணினி நிரலைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்தாள். திரையில் இருக்கும் பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலப்பக்கம் வெளியேறும் மூலக்கூறு அக்கணமே இடப்பக்கம் நுழையும். கணக்கு வசதிக்கான ஏற்பாடு. அப்படி நுழைந்ததையெல்லாம் அந்த நிரல் தாவலாக எண்ணியிருந்தது. வாசற்படி தாண்டியதை ஊர் தாண்டியதாக எழுதிவைத்திருக்கிறார் மனிதர்! அந்த நுழைவைக் கணக்கிலிருந்து கழிக்கும் ஒரு வரி விடுபட்டிருந்தது; அதைச் சேர்த்து ஓட்டினாள். அவருடைய மூலக்கூறுகளும் தாவுவதை நிறுத்திவிட்டன. முதலில் சிரிப்புதான் வந்தது. ஒன்றரை வருடம் நினைவுக்கு வந்ததும் அதை அச்செடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

அச்செடுத்த தாளைப் பார்த்து அவர் திடுக்கிடக்கூட இல்லை.

"இது எனக்கு ஆறு வருஷமாவே தெரியும்மா."

"தெரிஞ்சுதான் என்னைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னீங்களா சார்?"

"இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது? ஆய்வேடு அப்படியே இருக்கட்டும். கொண்டு வா, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"என் தப்புன்னு இருக்கே சார், அந்த வரியும் அப்படியேவா?"

"ஒரு வரிதானேம்மா."

ஒரு வரிதானாம்! அவர் எழுதாமல் விட்டதும் ஒரு வரிதான்.

தன் இடத்துக்கு வந்து அந்த வாக்கியத்தை அழித்தாள். கட்டுரையின் ஆண்டு, நிரலில் பிழை உள்ள இடம், திருத்திய பிறகு வந்த வரைபடம் எல்லாவற்றையும் அங்கே சேர்த்தாள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் ஐந்து வருடப் படிப்பும் பாழ் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அச்செடுத்தாள்.

மாலையில் கையெழுத்துப் பக்கத்தை மேலே வைத்து, ஆய்வேட்டை அவர் மேசையில் வைத்தாள். அவள் திருத்திய பக்கத்தை அவர் தேடிப் படித்தார். உட்காரச் சொல்லவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் மூடி திறக்காத பேனா கிடந்தது.