சுவர் துடைத்த காலை

மழைக்குப் பஞ்சமில்லாத அந்த வட இங்கிலாந்து ஊரில் சுவர் கறுக்காத வீடு கிடையாது. கறுப்புக்கு என்ன பெயர் என்பதில்தான் சண்டை. பார்க்க வரும் அதிகாரி ‘டேம்ப்’ என்று சொல்லிவிட்டால், கட்டடம் ஓதம் குடிக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குச் சொந்தக்காரரான நகராட்சி செப்பனிட வேண்டும், இருப்பவர்களை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும். ‘கண்டன்சேஷன்’ என்று சொன்னாலோ, நீ விட்ட மூச்சும் நீ உலர்த்திய துணியும்தான் சுவரில் வேர்த்து நிற்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா கிட என்று அர்த்தம்.

ஹில்டாவுக்கு முதல் சொல்தான் வேண்டும். கணவர் வில்ஃப் பஞ்சாலைத் தூசியில் நுரையீரலைத் தொலைத்தவர். இப்போது நிமோனியா வேறு கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஓதம் பிடித்த வீடென்றால் அனுப்ப மாட்டோம், வேறு வீடு கிடைக்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இன்னொரு முறை அந்த அறையில் படுத்தால் மனுஷன் எழுந்திருக்க மாட்டார் என்பதையும் மறைக்கவில்லை.

நகராட்சியின் வீட்டு அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது. அந்தத் தெருப் பெண்களுக்கு ஒரு குணம். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வாசற்படியைத் தேய்க்காமல் இருக்க மாட்டார்கள். அந்நிய ஆள் ஒருவன் படுக்கையறைக்குள் வந்து அழுக்கைப் பார்ப்பதா? நினைக்கவே ஹில்டாவுக்கு உடம்பு கூசியது. விடிந்ததும் கட்டிலை இழுத்துப் போட்டு, பிளீச்சைக் கரைத்து, பூஞ்சணத்தைப் பொட்டு விடாமல் தேய்த்து எடுத்தாள். ஹீட்டரை வைத்துச் சுவரைக் காயவும் வைத்தாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. மானம் என்று வந்துவிட்டால் புத்தி புல் மேயப் போய்விடும், அவ்வளவுதான்.

வந்தவன் கிரெய்க் என்ற இளைஞன். மரியாதை தெரிந்தவன், மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். சுவரைத் தடவிப் பார்த்தான், ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தான், சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டினான். ஹில்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீ போடக் கெட்டிலை வைத்தாள். அடுக்களை ஜன்னலில் ஆவி படிந்து வழிந்தது.

“பாத்தீங்களாம்மா, இதான் விஷயம். டீ போட்டாலே வீடு வேர்க்குது. ஜன்னலத் திறந்து வைங்க.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “காலைலதான் தம்பி தொடச்சேன். கன்னங்கரேல்னு இருந்துச்சு.”

“தொடச்சாப் போயிடுதுல்ல? அப்ப அது டேம்ப் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்தான்.

பக்கத்து வீட்டு மேவிஸ் கேள்விப்பட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். “மகாராணியா வந்தாங்க உன் வீட்டுக்கு? அவன் பாக்க வேண்டியதே அது ஒண்ணுதானடி. அதப் போயித் தொடச்சிட்டியே.” தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது ஹில்டாவுக்கே தெரிந்தது. அலுவலகத்துக்கு நாள் தவறாமல் போன் செய்தாள். பார்த்தாகிவிட்டது, மறுபடி பார்ப்பதென்றால் குளிர்காலம் கழியட்டும் என்றார்கள்.

ஓதம் இல்லை என்ற முடிவு ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே கட்டிலுக்குத் தட்டுப்பாடு, ஆளை அனுப்பிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வில்ஃபைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். இரும ஆரம்பித்தவர், இருமல் நின்று மூச்சு வந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓதமே இல்லேன்னுட்டாங்களாமே, புள்ள. என் கதை முடியப்போகுது, அதான் நீ வீட்டச் சாக்குச் சொல்லி என்ன வரவிடாம வச்சிருக்கேன்னு நெனச்சுட்டேன்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நான் பொழச்சுக்குவேன்ல?”

அவர் தலைக்குப் பின்னால் சுவர் மறுபடி புள்ளி புள்ளியாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஓவென்று கதற வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

“பொழைக்காம?” என்று சொல்லி, அவருடைய ஸ்வெட்டர் பித்தானை மேல்வரை போட்டுவிட்டாள்.