அலை இல்லாத இடம்

முடிவெட்டும் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல்தான் அந்தக் கடையில் குழந்தைகளை உட்கார வைப்பார்கள். அன்றைக்குப் பலகைமேல் இருந்தவள் கண்ணாடிக்கடைக்காரரின் சின்ன மகள். வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பேர். பேருக்கேற்ற மாதிரி ஓரிடத்தில் நிற்கமாட்டாள்.

"தலையை ஆட்டாதடா கண்ணு. காது போச்சுன்னா நாளைக்கு உங்கப்பா எதுல கண்ணாடியை மாட்டுவாரு?" என்றார் முடிவெட்டுகிறவர்.

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு ரேடியோ என்று ஊரே பட்டப்பேர் வைத்திருந்தது. கடையைத் திறக்கும்போது வாயைத் திறப்பார். கடையை மூடும்போதுதான் வாயை மூடுவார். எந்த டாக்டர் ஊசி போட்டால் வலிக்காது, எந்தத் தெருவில் வாடகை வீடு காலி, எல்லாம் அவரைக் கேட்டால் போதும். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

கண்ணாடிக்கடைக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "அண்ணே, நாளைக்குப் பிள்ளைங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். எங்க போனா நல்லது? பெரிய கடற்கரை வேணாம்னு வீட்டுல சொல்றா. கூட்டம், குப்பை, விசில் ஊதிக்கிட்டே திரியுற காவலாளுங்க. நிம்மதியா ஒரு போட்டோ எடுக்க முடியாதாம்."

பேசிக்கொண்டே அவர் சுவரைப் பார்த்தார். அங்கே சட்டம் போட்ட ஒரு படம் மாட்டியிருந்தது. ரேடியோவின் மகள் முழங்கால் தண்ணீரில் நின்று சிரிக்கிறாள். அவளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நுரை. அவளுக்குப் பின்னால் மட்டும் பச்சையாக ஒரு பட்டை, இஸ்திரி போட்ட துணிபோல் சுருக்கமே இல்லாமல் கடலுக்குள் போகிறது.

"அட, இது எந்த இடம்ணே? தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கே!"

ரேடியோவின் கத்தரி நின்றது. வாயும் நின்றது.

பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த மச்சினன், அதாவது ரேடியோவின் மனைவிக்குத் தம்பி, முந்திக்கொண்டான். "அதுவா சார், பாறை மூலை! அக்காவும் மாமாவும் போன வருஷம் போயிட்டு வந்தாங்க. அங்க அலையே கிடையாது. பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு நீங்க பாட்டுக்குப் படுத்துத் தூங்கலாம். என்ன மாமா, நான் சொல்றது?"

ரேடியோ தண்ணீர்க் குப்பியை எடுத்துச் சுண்டெலியின் தலைமேல் தெளித்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தை மேலே தூக்கினாள். எதிரே கண்ணாடியில் தெரிந்தது சுண்டெலியின் முகம் இல்லை.

"ம்" என்றார் ரேடியோ.

அவ்வளவுதான் சொன்னார். ஆமாம் என்றும் இல்லை, கிடையாது என்றும் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு, மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

போன வருஷம் நடந்ததைக் கேளுங்கள். மச்சினனுக்கு அது தெரியாது. ரேடியோவின் அம்மாவுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அன்றைக்கு ரேடியோவும் மனைவியும் தேடித் தேடித்தான் பாறை மூலையைத் தேர்ந்தெடுத்தார்கள். நெடுகிலும் அலை அடித்துக்கொண்டிருந்தது. பாறைக்குப் பக்கத்தில் மட்டும் அலை உடையாமல் ஓர் இடம். 'சின்னப் பிள்ளைக்கு இதுதான் நல்லது' என்று அங்கே இறக்கிவிட்டார்கள். ரேடியோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடல் முழுவதும் படத்துக்குள் வரவேண்டுமென்று பின்னால் பின்னால் நடந்தார். அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று மனைவி பைக்குள் துண்டைத் தேடினாள். அவள் பக்கத்தில்தான் இருக்கிறாளே என்று அவர் வெளிச்சம் பார்த்தார். ஒரு படம் எடுத்தார். அடுத்த படத்துக்காகக் கண்ணைத் தூக்கினார். பிள்ளை நின்ற இடத்தில் பிள்ளை இல்லை.

கத்தல் இல்லை. கை ஆட்டல் இல்லை. தூரத்தில் ஒரு சின்ன முகம் மட்டும், தட்டில் வைத்தது போல, வானத்தைப் பார்த்தபடி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பாறைமேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர் குதித்து இழுத்து வந்தார். "அலை உடையாத இடத்துலதான் ஆழம். கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போகும். கூடவே ஆளையும் கூட்டிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுத் தன் தூண்டிலைத் தேடிப் போய்விட்டார். அவர் பேரைக்கூட இவர்கள் கேட்கவில்லை.

ஈரத் துணியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்துகொண்டார்கள்: இது வெளியே போகக் கூடாது. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவர்கள் என்ற பேர் வேண்டாம்.

பேர் காப்பாற்றப்பட்டது. ஆனால் மறைத்த விஷயம் சும்மா இருக்குமா? போனிலிருந்த படத்தைப் பார்த்து ரேடியோவின் அம்மா சொக்கிப் போய், "என் பேத்தி என்ன அழகு!" என்று சட்டம் போட்டுக் கடையில் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே! அப்படியே விட்டுவிட்டார். அன்றுமுதல் எந்தக் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தாலும் அந்த முகம்தான் கண்ணாடியில் வந்து நிற்கும்.

அன்று மாலை அவர் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடை வேலை முடிந்து வந்திருந்த மனைவி, மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, ரேடியோவுல பேட்டரி தீர்ந்துபோச்சா?"

அவர் கடையில் நடந்ததைச் சொன்னார். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நம்ம விஷயத்தைச் சொல்லிட்டீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

"அப்புறம் என்ன?"

"அதைத்தான் சொல்றேன். நான் ஒண்ணுமே சொல்லலை."

அவள் பாத்திரத்தை ஓசைப்பட வைத்தாள். "அவங்க என்ன நம்மள மாதிரியா? படிச்சவங்க, பார்த்து இறங்குவாங்க. இப்பப் போய்ச் சொன்னா நாளைக்கே உங்கம்மா காதுக்கு வந்துடும். பெத்தவளுக்குக் கண்ணு எங்க போச்சுன்னு என்னைத்தான் கேப்பாங்க. உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க. நான் ஆயுசுக்கும் தலை குனிஞ்சு நிக்கணும்."

அவள் சொன்னது பொய்யில்லை. உலகம் அப்படித்தானே கேட்கிறது? 

அப்போது மகள் பேசினாள். மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தவள், தலையைத் தூக்கவில்லை.

"அப்பா, அந்தத் தண்ணி சுண்டெலியையும் கூட்டிட்டுப் போகுமா?"

இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். பிள்ளை மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்கள். தலைக்குக் குளிக்க மட்டும் அழுவாள். சோப்புக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காடா?"

"ம். நான் உன்னைக் கூப்பிடலாம்னுதான் பார்த்தேன். வாய்க்குள்ள தண்ணி வந்துடுச்சு." பென்சில் நிற்காமல் ஓடியது. "நீ போனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தேப்பா."

வீட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதி இரண்டு பேருக்கும் தெரிந்த அமைதி. கடலில் கேட்ட அதே அமைதி.

மனைவிதான் முதலில் எழுந்தாள். "போன் பண்ணுங்க" என்றாள்.

கையில் இருந்தது கண்ணாடிக்கடை நம்பர்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பூட்டியிருந்தது; பத்து மணிவரை வாசலில் காத்திருந்தும் யாரும் வரவில்லை. விடிந்ததும் மகளை மச்சினனிடம் விட்டுவிட்டு, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மறுபடி போனார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "இப்பத்தான் கிளம்பினாங்க. பிள்ளைங்க போட்ட கூச்சல்ல தெருவே முழிச்சிடுச்சு" என்று சிரித்தாள்.

வழி நெடுக மனைவி அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பாறை மூலை போன வருஷம் பார்த்தது போலவே இருந்தது. வெயில் இதமாக இருந்தது. மணலில் குப்பை இல்லை, கூட்டம் இல்லை. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் அந்தப் பச்சைப் பட்டை ஒன்றுமே தெரியாத பிள்ளைபோலப் படுத்திருந்தது. கெட்ட இடம் எல்லாம் கெட்ட முகத்தோடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கண்ணாடிக்கடைக்காரர் மணலில் குடை நட்டுக்கொண்டிருந்தார். சுண்டெலியின் அண்ணன் பெரியவன் குழி தோண்டினான். சுண்டெலி மஞ்சள் வாளியோடு கணுக்கால் தண்ணீரில் நின்றாள். அவள் அம்மா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போடி தங்கம். இன்னும் கொஞ்சம்."

ரேடியோ கத்தினார். கடல் இரைச்சலில் அது காற்றோடு போனது. செருப்பை உதறிவிட்டு ஓடினார். மணல் காலைப் பிடித்து இழுத்தது. ஓடிப் போய்ச் சுண்டெலியை அள்ளித் தூக்கினார். அவள் வீறிட்டாள். அந்த வீறல் அவர் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

"என்னண்ணே இது? பிள்ளை பயந்துட்டா பாருங்க!" என்று கண்ணாடிக்கடைக்காரர் ஓடி வந்தார். "நல்ல இடம்னு உங்க கடையிலதானே சொன்னாங்க?"

ரேடியோ சுண்டெலியின் கையிலிருந்த வாளியை வாங்கி அந்தப் பச்சைப் பட்டையில் வீசினார்.

வாளி முதலில் சும்மா மிதந்தது. பெரியவன் சிரித்தான். பிறகு அது நகர்ந்தது. யாரோ நூல் கட்டி மெல்ல இழுப்பதுபோல, குலுங்காமல் கவிழாமல், நேராகக் கடலுக்குள் போனது. பெரியவனின் சிரிப்பு நின்றது. மஞ்சள் புள்ளியாகிற வரைக்கும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போன வருஷம் அப்படித்தான் எங்க பொண்ணு போனா" என்றாள் ரேடியோவின் மனைவி. எங்கே குரல் உடைந்துவிடுமோ என்று வேகமாகச் சொன்னாள். "நான் பக்கத்துலதான் இருந்தேன். துண்டு தேடிக்கிட்டிருந்தேன். இவரு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாரு. இவரு பார்ப்பாருன்னு நானு, நான் பார்ப்பேன்னு இவரு. யாரோ ஒரு புண்ணியவான் இழுத்துட்டு வந்து குடுத்தாரு. வெக்கப்பட்டுக்கிட்டு வெளியில சொல்லாம விட்டுட்டோம்."

சுண்டெலியின் அம்மா போனைக் கீழே விட்டுவிட்டு மகளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். நன்றி சொல்லுவாள் என்று நினைத்தீர்களா? இல்லை. அவள் கண்ணில் நெருப்பு இருந்தது.

"இத்தனை நாளா தெரிஞ்சிருந்தும் அந்தப் படத்தை ஊரே பார்க்க மாட்டி வச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷங்கதானா?"

ரேடியோ தலை குனிந்தார். "நான் அந்த இடம் நல்லதுன்னு சொல்லலைம்மா. சொல்லாம இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"எங்களை மாதிரி இன்னும் யார் யார் கேட்டாங்க? எத்தனை பேர் போனாங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். கேட்டவர்கள் பலர். எல்லோருக்கும் அதே 'ம்'தான். அடுத்த தடவை முடிவெட்ட வரும்போது பிள்ளைகளும் கூட வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வந்துவிட்டால் மூச்சு வரும். ஒரே ஒரு குடும்பம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தச் சின்னவனுக்கு உச்சியில் இரட்டைச் சுழி. அவர்கள் வீடு மாறியிருக்கலாம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். இருக்கலாம்.

"தெரியலைம்மா" என்றார். "போய்த் தேடறேன். ஒவ்வொருத்தர் வீட்டுக்கா போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

குடையைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் பெரிய கடற்கரைக்கே போனார்கள். அங்கே கூட்டம் இருந்தது, குப்பை இருந்தது. மணல் வெகுதூரம் சரிவில்லாமல் போனது. குட்டிக் குட்டி அலைகள் வரிசையாக உடைந்தன. கொடி நட்ட இடத்தைத் தாண்டினால் காவலாள் விசில் ஊதினார். அந்த விசிலைக் கேட்டுச் சுண்டெலியின் அம்மா முகம் சுளிக்கவில்லை. கோபம் தீராமலே ஒரு வேலை மட்டும் செய்தாள்: போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "நான் எழுந்து போறவரைக்கும் நான்தான் பார்க்கறேன். எழுந்தா உங்க பேரைச் சொல்லி ஒப்படைச்சிட்டுத்தான் போவேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்தாள்.

ரேடியோவின் மனைவி கொஞ்சம் தள்ளி நின்றாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் மூழ்கியிருந்தாள். அவளுடைய தவழும் குழந்தை மணலிலிருந்து ஈரத்துக்கு, ஈரத்திலிருந்து நுரைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவின் மனைவி போய்க் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். வழக்கமாக அதோடு திரும்பி வந்திருப்பாள். அன்றைக்குத் திரும்பவில்லை.

"தங்கச்சி, போன வருஷம் என் பிள்ளை தண்ணியில போச்சு. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்" என்று ஆரம்பித்து, விடாமல் முழுவதும் சொன்னாள்.

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு, பயமும் ஆச்சரியமுமாக அவளைப் பார்த்தாள். "ஐயோ அக்கா, நல்லவேளை. ஆனா இதையெல்லாமா முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டச் சொல்லுவாங்க? கேக்கறவங்க உங்களைத்தானே தப்பா நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும்மா. நாம வெக்கப்பட்டு மூடி வைக்கிற ஆபத்து, அடுத்தவங்க பிள்ளைக்குத் திறந்தே கிடக்குது."