ஒன்பதாம் சன்னல்

தேஜான் அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடத்தில் அடிதடியெல்லாம் உலைக்கலனின் சன்னல்களுக்குத்தான். ஒன்பதாம் சன்னல் அளவீட்டு விஞ்ஞானி பே மிர்யங்கிடம் இருந்தது. கோடி டிகிரியில் கொதிக்கும் பிளாஸ்மாவுக்குள் கருவி எதையும் நுழைக்க முடியாது. நுழைத்தால் ஆவிதான் மிஞ்சும். அதனால் அவள் உள்ளே ஹைட்ரஜன் கற்றையைப் பாய்ச்சி, அது விடும் ஒளியின் அதிர்வு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சன்னல் வழியே பார்ப்பாள். அந்தச் சாய்வே காந்தப்புலத்தின் போக்கையும், உள்ளே மின்னோட்டம் எங்கே ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடும்.

அதே சன்னலில் பிளாஸ்மாவைச் சூடாக்கும் ஆண்டெனா வைக்க வேண்டுமென்று மைக்ரோவேவ் குழுத் தலைவர் தாக் கியூச்சோல் நெடுநாளாக நச்சரித்துவந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. அந்த வாரம் பார்த்து அவளுடைய மின்னோட்ட வரைபடத்தின் நடுவில் ஒரு மேடு எழுந்தது. கியூச்சோலின் மைக்ரோவேவ், பிளாஸ்மாவின் மையத்தில் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சாப்பாட்டுக்கூடத்தில் கியூச்சோல் தன் பங்கு வறுத்த மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவர் இதற்கு முன் யாருக்கும் மீன் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

“இந்தப் படத்தைக் கூட்டத்துல காட்டுங்க டாக்டர். சன்னல் பேச்சையே நான் எடுக்கமாட்டேன்.”

மிர்யங்குக்கு மீன் இறங்கவில்லை. கோடையில் உட்சுவரின் கரித்தகடுகளைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் டங்ஸ்டனைப் பொருத்தியிருந்தார்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் சாய்வு மாறிப்போகும்; மேடு அதனால் வந்ததாகவும் இருக்கலாம். பிளாஸ்மாவே இல்லாமல், வெறும் வாயுவுக்குள் கற்றையை ஒருமுறை விட்டுக் காட்டும்படி உலையை இயக்கும் மேசையிலிருந்த இளைஞன் தேஹுனைக் கேட்டாள். நல்லா ஓடுறதை ஏன் நோண்டுறீங்க என்று முனகிக்கொண்டே விட்டான். உள்ளே மின்னோட்டம் கிடையாது. மேடு மட்டும் அப்படியே இருந்தது.

“அடுப்பைப் பத்தவைக்காமலே சோறு வெந்திருக்குக்கா,” என்றான்.

கூட்டத்துக்கு முன்பே அதைக் கியூச்சோலிடம் கொண்டுபோனாள். அவர் அதைப் பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

“தேஹுனுக்கு.”

“அப்ப ஊருக்கே தெரியும்.”

சுவரின் ஒளியைப் பிரித்தெடுக்க முடியுமா என்றார். சுவரொளி மட்டும் இருக்கும் பக்கத்து நிறத்தையும் சேர்த்து அளந்து கழித்தால் முடியும், ஆனால் அதற்குச் சன்னல் வேண்டும் என்றாள். கியூச்சோல் மனக்கணக்குப் போட்டார். அவருடைய ஆண்டெனாவின் சூடு மையம்வரை போனதா என்று நாளைக்கு யாராவது சொல்லியாக வேண்டுமே.

“இன்னைக்கு எனக்கு எதிரா சொன்ன ஆளு, நாளைக்கு ஆமான்னு சொன்னா எவனும் மறுக்கமாட்டான். சன்னல்ல பாதி உங்களுக்கு.”

“பாதியில சுவர்தான் தெரியும். முக்கால்.”

அவர் சன்னலின் படத்தை இழுத்து நடுவில் பென்சிலால் கோடு போட்டார். அவள் அதை அழித்துவிட்டு, இரண்டு விரல்கடை அவர் பக்கமாகத் தள்ளிப் போட்டாள்.