கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குளம்

"கடைசிக் குழிக்கு முன்னாடி தண்ணி இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

டிராவல்ஸ் அலுவலகப் பெண் மூன்று ரிசார்ட்டுகளின் படங்களை மேசையில் விரித்து வைத்திருந்தாள். நடுவில் இருந்ததை விரலால் தள்ளினாள்.

"இதுல இருக்கு மேடம். பெரிய குளம். அதைத் தாண்டி அடிச்சாத்தான் பந்து குழிப் பக்கமே போகும். ஆனா ரொம்பக் கஷ்டமான மைதானம். போன தடவை தண்ணியே இல்லாததா கேட்டீங்களே?"

"அதுக்கு முந்தின தடவையும்."

"ஆமா, மரம் நெருக்கமா இருக்கக் கூடாது, மணல் பள்ளம் கம்மியா இருக்கணும்னு சொல்லுவீங்க. நீங்களும் கோல்ஃப் ஆடுவீங்களா மேடம்?"

"இல்ல. அவர்தான்."

அவளுக்கு மட்டையைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் எந்த மைதானத்தில் புல்வெளி அகலம், எங்கே பந்து தொலையும், எங்கே மதியத்துக்குமேல் காற்று திரும்பும் என்பதெல்லாம் தெரியும். கல்யாணமான புதிதில் போன விடுமுறையில் கணவருடைய பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடைக்குள் விழுந்தன. அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் அவர் கதவைச் சாத்தினார். கையுறையைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தார். பிறகு அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினார். சுவரில் மாட்டியிருந்த படம் ஆடி நின்றதும் மறுபடி மோதினார்.

அடுத்த விடுமுறை முதல் இடம் பார்க்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் கடல் தெரிகிற ஜன்னலுக்காகவும் நீச்சல் குளத்துக்காகவும் ரிசார்ட் தேடினார்கள். அவள், பந்து தொலையாத புல்வெளியைத் தேடினாள். நல்ல மைதானம் கிடைத்த வருடம் உடம்பு தப்பித்தது. போன வருடம் இருப்பதிலேயே சுலபமானதாகப் பார்த்துத்தான் எடுத்தாள். ஆனால் காற்று அடித்துவிட்டது. அன்று அலமாரிக் கதவின் இடுக்கில் அவள் விரல்களை வைத்து அவர் கதவைச் சாத்தினார். அவள் கத்தாமல் இருக்கும்படி மறு கையால் வாயைப் பொத்தியிருந்தார்.

அண்ணனிடம் போனில் சொன்னாள். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். நல்லவர், சிரித்தே காலத்தை ஓட்டுகிறவர்.

"மாப்பிள்ளையா? ஏம்மா, காபியைத் தன் சட்டையில கொட்டினவன்கிட்டயே பரவாயில்லப்பான்னு சொல்ற மனுஷன் அவர். கோபம் யாருக்குத்தான் வராது? நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

வெளியே கணவர் தங்கமானவர்தான். நாலு பேர் பார்க்க அவர் கை ஓங்கியதே இல்லை. ஓங்கும் நிலைக்கு அவரைக் கொண்டு போகாமல், மைதானம் மைதானமாகப் பார்த்து அவர் பெயரை அவள்தான் காப்பாற்றி வந்திருக்கிறாள். இனிமேல் காப்பாற்றப் போவதில்லை என்று முடிவு செய்துதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடற இடத்துலேருந்து அந்தக் குளம் தெரியுமா?"

"வராந்தாவுக்கு நேர் கீழதான் மேடம். தெரியறது என்ன, அங்க பேசறதே கேக்கும். தனிக் காட்டேஜ் போடட்டுமா? அமைதியா இருக்கும்."

"அமைதி வேண்டாம். பெரிய கட்டடத்துலயே ரெண்டு ரூம் போடுங்க. என் அண்ணனும் வர்றார்."

விடுமுறையின் முதல் நாளே ரிசார்ட்டின் வராந்தாவில் எல்லா மேசைகளும் நிரம்பியிருந்தன. அவள் ஓரத்தில் உட்கார்ந்து, கணவர் கடைசிக் குழிக்கு வருவதற்காகக் காத்திருந்தாள். வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. நன்றாக ஆடியிருக்கிறார். கூடவே அண்ணன் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, தனக்குப் புரியாத விளையாட்டைப் பெரிய ரசிகர்போலத் தலையாட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் மட்டைப் பையைச் சுமந்து ஒரு நடுவயதுப் பணியாளர்.

குளம் அவளைக் கைவிட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. கட்டினவருடைய பந்து தண்ணீரில் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தன்னை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

முதல் பந்து குளத்தின் நடுவில் விழுந்தது.

"அட, போனா போகுது மாப்பிள்ளை. குளத்துக்கும் ஒண்ணு வேண்டாமா?"

கணவர் சிரித்தார். இன்னொரு பந்தை வைத்தார். அது கரையில் பட்டு, யோசிப்பதுபோல நின்று, பிறகு மெல்ல உருண்டு தண்ணீருக்குள் போனது. வராந்தாவில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். மூன்றாவது பந்து வளைந்து பறந்து அதுவும் தண்ணீரில் விழுந்தது.

"எங்கிட்ட ஓட்டப் பழகறவங்ககூட இப்படி வளைச்சதில்ல" என்றார் அண்ணன்.

இப்போது கணவர் சிரிக்கவில்லை. அவர் காதுமடல் சிவந்திருப்பது அவளுக்கு மேலிருந்தே தெரிந்தது. அவள் எழுந்தாள். இந்த நேரத்தில் அவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. அதைப் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அவர் அடிப்பார், அண்ணன் பார்ப்பார், அவ்வளவுதான் அவள் போட்டிருந்த கணக்கு. அடி தன் உடம்பில்தானே, அது பழகினதுதானே என்று நினைத்திருந்தாள்.

நான்காவது பந்து தண்ணீரில் விழுந்தபோது அவள் படிக்கட்டின் பாதியில் இருந்தாள்.

"விடுங்க மாப்பிள்ளை," என்றார் அண்ணன், அவர் தோளில் கைபோட்டு. "விளையாட்டுதானே."

அவள் சொல்ல நினைத்ததும் அதுதான்.

மட்டை பக்கவாட்டில் சுழன்று வந்து அண்ணனின் முழங்கைக்குக் கீழே இறங்கியது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம் கேட்டது. வேறு பக்கம் மடங்கித் தொங்கிய தன் கையை அண்ணன் வியப்போடு பார்த்தார். அதற்குள் மட்டை மறுபடி உயர்ந்தது. இந்த முறை இரண்டு கைகளாலும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, குறிபார்த்து இறக்கினார் கணவர். அண்ணன் திரும்பியதால் அடி தோள்பட்டையில் விழுந்தது. மண்டியிட்டு விழுந்தவரின் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. நாக்கைக் கடித்திருந்தார். மூன்றாவது தடவை ஓங்கியபோது பணியாளர் பையைக் கீழே போட்டுவிட்டு, பின்னாலிருந்து கணவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். இருவரும் புல்லில் உருண்டார்கள்.

எழுந்தபோது கணவரின் முகம் கோபத்தைக் கழுவிவிட்டதுபோல இருந்தது.

"ஐயோ மச்சான், குறுக்க வந்துட்டீங்களே. மட்டை வழுக்கிடுச்சு. யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க."

வராந்தாவில் எழுந்து நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், எப்படித் துடிக்கிறார் பாருங்க" என்று ஒரு அம்மாள் சொன்னது படிக்கட்டில் நின்ற அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பாவப்பட்டது கணவருக்காக. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

ரிசார்ட்டின் முதலுதவி அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மருந்து அலமாரி. பெண் டாக்டர் அண்ணனின் கையை அட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். கணவர் வெளியே யாரிடமோ நடந்ததை விவரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

அண்ணன் சுவரைப் பார்த்தார். "மட்டை கை நழுவிடுச்சு டாக்டர். நான்தான் குறுக்க நின்னுட்டேன்." நாக்கு வீங்கியிருந்ததால் வார்த்தைகள் குழறின.

கை முறிந்த பிறகும் இப்படியா என்று அவள் நினைத்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்பதும் அடுத்த கணம் புரிந்தது. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சரி அண்ணா," என்றாள். "முதல் அடி நழுவினது. ரெண்டாவது?"

டாக்டர் கட்டுத்துணியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"ரெண்டு கையாலயும் தூக்கி அடிச்சது எப்படி நழுவும்? சொல்லு. உன் விரலையும் அலமாரிக் கதவுல நசுக்கினாத்தான் சொல்லுவியா?"

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் மெல்லத் திரும்பி அவள் விரல்களைப் பார்த்தார். நடுவிரல் கோணலாகச் சேர்ந்திருந்தது. தொலைபேசியில் அதைப் பற்றித்தான் சொன்னாள். அவர் இன்றுதான் அதைக் கவனிக்கிறார்.

"அடிச்சார் டாக்டர்," என்றார். "பார்த்துத்தான் அடிச்சார்." பிறகு அவளிடம், சின்னக் குரலில், "கொன்னுடுவார்னு நெனச்சேன்மா" என்றார்.

உன்னை நான்தான் இங்கே வரவழைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

"மச்சான், ஜூஸ் கொண்டு வந்திருக்கேன்."

அண்ணன் கட்டிலிலிருந்து இறங்கினார். தடுமாறிப் போய், நல்ல கையால் தாழ்ப்பாளைப் போட்டார். டாக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் போனை எடுத்து போலீஸைக் கூப்பிட்டார்.

"கதவைத் திறங்க மச்சான்." கைப்பிடி ஆடியது. "ஏய், உள்ள என்ன சொல்லிக்கிட்டிருக்க? திற."

கண்ணாடித் தம்ளர் எதிலோ மோதிச் சிதறியது. கதவில் உதை விழுந்தது. மருந்து அலமாரியின் புட்டிகள் கிணுகிணுத்தன. டாக்டர் போனில் முகவரியை இரண்டாவது தடவை சொன்னார். அண்ணன் அடிபடாத தோளைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றார். அவள் மேசையை இழுத்து வந்து அவர் பக்கத்தில் கதவோடு சேர்த்துவிட்டு, தன் முதுகையும் கதவில் சாய்த்தாள். அடுத்த உதை அவள் முதுகில் அதிர்ந்தபோது, அண்ணனின் தோளும் கூடவே அதிர்ந்தது.